பறக்கத் தெரியும் முன்பே கடலில் குதிக்கும் குஞ்சுகள்... கடல் பறவைகளுக்கு 'டைம்' சொல்வது யார்?

ஜூன் மாதக் கடைசி. ஸ்காட்லாந்தின் கிழக்குக் கரைக்கு அப்பால் இருக்கும் 'ஐல் ஆஃப் மே' என்ற சின்னத் தீவு. பொழுது சாயும் நேரத்தில், செங்குத்துப் பாறையின் விளிம்புக்கு வந்து நிற்கிறது ஒரு பறவைக் குஞ்சு. வயது சுமார் 3 வாரம். எடை, வளர்ந்த பறவையின் எடையில் சுமார் கால்வாசிதான். பறக்கத் தெரியாது. கீழே கடலில் மிதந்தபடி அப்பா பறவை குரல் கொடுக்கிறது. குஞ்சு குதித்துவிடுகிறது!

அதன்பிறகு ஒன்றிரண்டு மாதம் அப்பாவும் பிள்ளையும் கடலில்தான். நீந்தவும் மீன் பிடிக்கவும் குஞ்சு கற்றுக்கொள்வது அங்கேதான்.

இந்தப் பறவையின் பெயர் கில்லெமாட். கூடு கட்டும் வழக்கமே கிடையாது. வெறும் பாறைத் திட்டில், ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கில் உட்கார்ந்திருக்கும். வருஷத்துக்கு ஒரே ஒரு முட்டை. ஒரு பாறையில் இருக்கும் குஞ்சுகள் பெரும்பாலும் சில வாரங்களுக்குள் குதித்து முடித்துவிடும். ஆகஸ்ட்டில் போய்ப் பார்த்தால் பாறை காலி.

இவ்வளவு கறாரான டைம் டேபிளை இந்தப் பறவைகளுக்குப் போட்டுக் கொடுத்தது யார்? அந்த டேபிள் இப்போது ஏன் ஆய்வாளர்களைக் கவலைப்பட வைக்கிறது?

எல்லாம் விரல் நீள மீனுக்காக!

வடகடலில் 'சாண்ட் ஈல்' என்று ஒரு மீன் உண்டு. ஒல்லியாக, வெள்ளிக் கம்பி மாதிரி இருக்கும். கொழுப்புச் சத்து அதிகம். கில்லெமாட், பஃபின், கிட்டிவேக் என அந்தப் பகுதியின் கடல் பறவைகள் பலவும் குஞ்சு வளர்ப்பது இந்த மீனை நம்பித்தான்.

சிக்கல் என்னவென்றால், இந்த மீன் வருஷம் முழுக்கக் கைக்குக் கிடைக்காது. குளிர்காலம் முழுக்கக் கடலடி மணலுக்குள் புதைந்து கிடக்கும். வசந்த காலத்தில் வெயில் ஏறி, கடலில் நுண்ணிய மிதவை உயிரிகள் பெருகும்போது அவற்றைத் தின்ன வெளியே வரும். கோடை பாதி முடிவதற்குள் பெரிய மீன்கள் மறுபடி மணலுக்குள் போய்விடும். அந்த வருஷம் பிறந்த குட்டி மீன்கள் ஓரளவு தேறி, குஞ்சுக்கு ஊட்டும் அளவுக்கு வருவது ஜூன் வாக்கில்தான்.

பஃபினாவது ஒரே தடவையில் பல மீன்களை அலகில் குறுக்காக அடுக்கிக்கொண்டு வரும். கில்லெமாட் ஒரு தடவைக்கு ஒரே ஒரு மீன்தான் கொண்டுவரும். அந்த ஒரு மீன் இளைத்த மீனாக இருந்தால் அந்தப் பயணமே வீண்.

ஏப்ரலிலேயே எடுக்க வேண்டிய முடிவு

ஒரு சின்னக் கணக்கு. குஞ்சுக்கு அதிகச் சாப்பாடு தேவைப்படும் நேரமும், கடலில் மீன் அதிகமாக இருக்கும் நேரமும் ஜூன் நடுவில் சேர வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் குஞ்சு மே மாதக் கடைசியிலோ ஜூன் தொடக்கத்திலோ பொரிய வேண்டும். அடைகாக்க 33 நாள் ஆகும் என்பதால் முட்டை ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்துக்குள் வந்தாக வேண்டும். முட்டை உடம்புக்குள் உருவாகவும் நாள் பிடிக்கும். ஆக, ஏப்ரலிலேயே பறவையின் உடம்பு தயாராகிவிட வேண்டும்.

ஆனால், குஞ்சுக்கு ஊட்டப் போகும் அந்தக் குட்டி மீன்கள் ஏப்ரலில் மிக மிகச் சின்னதாகத்தான் இருக்கும். சாப்பாட்டைப் பார்த்துவிட்டு முட்டையிடும் வசதி இந்தப் பறவைக்கு இல்லை. முன்கூட்டியே கணிக்க வேண்டும். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்று நம்மூரில் சொல்வது மாதிரிதான். மழை வந்த பிறகு நிலத்தைத் தேடினால் வேலைக்கு ஆகாது.

மூளைக்குள் ஒரு 'லைட் மீட்டர்'

அந்தக் கணிப்புக்குப் பறவைகள் முதலில் நம்புவது பகல் நேரத்தின் நீளத்தை. சென்னையில் ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் சுமார் ஒன்றரை மணி நேரம்தான். நாம் கவனிப்பதுகூட இல்லை. ஐல் ஆஃப் மே பக்கம் டிசம்பரில் பகல் 7 மணி நேரம். ஜூனில் 17 மணி நேரத்துக்கும் மேல். இந்த வித்தியாசத்தைத் தவறவிடவே முடியாது.

இதில் ஒரு ஆச்சரியம், பறவைகள் இந்த வெளிச்சத்தை அளக்கக் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மண்டை ஓட்டைத் தாண்டி உள்ளே கசியும் வெளிச்சத்தை, மூளையின் ஆழத்தில் இருக்கும் செல்கள் நேரடியாக உணர்கின்றன. பகல் ஒரு அளவுக்கு மேல் நீண்டதும் ஹார்மோன்கள் சுரக்க ஆரம்பிக்கும். மற்ற மாதங்களில் சுருங்கிக் கிடக்கும் இனப்பெருக்க உறுப்புகள் பல மடங்கு பெரிதாகும். கடல் வெப்பநிலை, கிடைக்கும் இரை, பனிக்கட்டி, பக்கத்துப் பறவைகள் என்ன செய்கின்றன என்பதெல்லாம் அதற்குப் பிறகு சில நாள் முன்னே பின்னே நகர்த்தும் விஷயங்கள்.

சேர்ந்தாற்போல் முட்டையிடுவதில் இன்னொரு லாபமும் உண்டு. ஒரே வாரத்தில் நூற்றுக்கணக்கான குஞ்சுகள் குதித்தால், கீழே காத்திருக்கும் கடற்காகங்கள் எத்தனையைத்தான் பிடிக்கும்?

பருவமே இல்லாத இடத்தில்?

பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், அட்லாண்டிக் நடுவே இருக்கும் அசென்ஷன் தீவுக்குப் போனால் கதையே வேறு. அங்கே பகல் நீளம் பெரிதாக மாறுவதில்லை. அங்குள்ள 'சூட்டி டெர்ன்' என்ற ஆலா வகைப் பறவைகள் சுமார் ஒன்பதரை மாதத்துக்கு ஒருமுறை முட்டையிட வருகின்றன. ஒரு தடவை ஜனவரி என்றால் அடுத்த தடவை அக்டோபர் வாக்கில். நம் காலண்டர் அந்தப் பறவைகளுக்கு ஒரு பொருட்டே இல்லை!

காலண்டரோடு கட்டிப்போடப்பட்டவை எல்லாம் துருவத்தை நெருங்கி வாழும் பறவைகள்தான். இங்கதான் பிரச்னையும் ஆரம்பிக்கிறது.

வெளிச்சம் மாறவில்லை, கடல் மாறிவிட்டது

கடல் சூடாவதால் மிதவை உயிரிகளும் மீன்களும் வரும் நேரம், அவற்றின் அளவு எல்லாமே மாறுகின்றன. ஆனால் ஏப்ரல் மாதப் பகலின் நீளம் 100 வருஷம் முன்பு எவ்வளவோ அதேதான் இன்றைக்கும்.

பறவைகள் தங்கள் நேரத்தை மாற்றிக்கொள்கின்றனவா? உலகம் முழுக்க வாழும் 145 கடல் பறவைக் கூட்டங்களின் 1952 முதல் 2015 வரையிலான பதிவுகளைத் தொகுத்து, எடின்பரோ பல்கலைக்கழகத்தின் காத்தரின் கியோகன் தலைமையிலான குழு 2018-ல் ஒரு ஆய்வை வெளியிட்டது. சராசரியாகப் பார்த்தால் மாற்றம் இல்லை என்பதுதான் அதில் கிடைத்த பதில். 60 வருஷத்துக்கும் மேலான கணக்கில் ஒரு நாள் சொச்சம் முன்னே வந்திருக்கிறது, அவ்வளவே. நீர்க்காகம், கேனட் போன்ற சில வகைகள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் தேதியை மாற்றுகின்றன.

வேகமாக மாற முடியாததற்கு ஆயுளும் ஒரு காரணம். மிட்வே தீவில் 1956-ல் வளையம் மாட்டப்பட்ட 'விஸ்டம்' என்ற அல்பட்ராஸ், 2024 கடைசியிலும் ஒரு முட்டையிட்டது. தலைமுறை மாறவே இத்தனை காலம் ஆகும் பறவைகளிடம், பழக்கமும் மெதுவாகத்தான் மாறும்.

நேரம் தவறினால் என்ன ஆகும்?

2004-ல் வடகடல் பறவைகளுக்கு மிக மோசமான வருஷம். ஐல் ஆஃப் மே-யில் கில்லெமாட்கள் மீன் கொண்டுவராமல் இல்லை. கொண்டுவந்த மீன்களில் சத்து மிகக் குறைவு. வாய் நிறைய இரை இருந்தும் குஞ்சுகள் தேறவில்லை.

கனடாவின் ஹட்சன் விரிகுடாவில், கோட்ஸ் தீவில் நடந்தது இன்னும் விசித்திரம். சூடான வருஷங்களில் கொசு சீக்கிரமே பெருகி, அடைகாக்கும் நேரத்திலேயே பறவைகளை மொய்த்தது. முட்டையை விட்டு எழுந்திருக்க மனமில்லாமல், வெயிலிலும் கொசுக்கடியிலும் உட்கார்ந்தபடியே சில பறவைகள் செத்துப்போயின.

அண்டார்டிகாவில் எம்பரர் பென்குயின், கோடையில் குஞ்சு கடலில் இறங்க வேண்டும் என்பதற்காகக் கடும் குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. 2022-ல் பெலிங்ஸ்ஹாசென் கடல் பகுதியில், குஞ்சுகளுக்கு நீர் புகாத இறகு முளைக்கும் முன்பே காலடியில் இருந்த பனி உடைந்துவிட்டது. அங்கிருந்த 5 கூட்டங்களில் 4-ல் ஒரு குஞ்சுகூட பிழைத்திருக்க வாய்ப்பில்லை என்று செயற்கைக்கோள் படங்களைப் பார்த்த பிரிட்டிஷ் அண்டார்டிக் சர்வே விஞ்ஞானிகள் கணித்தார்கள்.

வடகடலில் மனிதர்களால் உடனே செய்ய முடிந்தது ஒன்று இருந்தது. சாண்ட் ஈல் மீன்களை மனிதர்கள் சாப்பிடுவதில்லை. மீன் தூளாகவும் எண்ணெயாகவும் அரைக்கத்தான் அள்ளிக்கொண்டு போனார்கள். 2024 மார்ச் முதல் வடகடலின் இங்கிலாந்துப் பகுதியிலும், ஸ்காட்லாந்து கடல் முழுவதிலும் இந்த மீனைப் பிடிக்கத் தடை வந்தது. ஐல் ஆஃப் மே-யில் முதல் முட்டை எந்தத் தேதியில், எந்த மீன் எவ்வளவு நீளத்தில் வந்தது என்று பல பத்தாண்டுகளாகக் குறித்துவரும் வேலையும் தொடர்கிறது.