வலி போனதும் மைதானத்துக்கு ஓடாதீர்கள்

திங்கட்கிழமை காலையில் என் சிகிச்சை அறைக்கு நொண்டிக்கொண்டு வருகிறவர்களைப் பற்றி எனக்குக் கவலை குறைவு. மூன்று மாதம் கழித்து, நன்றாக நடந்துகொண்டே வருகிறவர்கள்தான் என்னைக் கலங்க வைக்கிறார்கள். மேடவாக்கம், வேங்கைவாசல், பெருங்களத்தூர், வண்டலூர் என்று தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் போனாலும் இப்போது வலை கட்டிய டர்ஃப் மைதானங்கள். இரவு பதினொரு மணிக்கும் விளக்கு எரிகிறது. வாரம் முழுக்க கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்த முப்பத்தைந்து வயதுக்காரர், சனிக்கிழமை இரவு வண்டியை நிறுத்திய கையோடு உள்ளே இறங்கி ஓடுகிறார். இன்னொரு பக்கம், பள்ளி முடிந்ததும் அகாடமிக்கு அனுப்பப்படும் பிள்ளைகள். விளையாட்டு பெருகியிருப்பதில் எனக்கு மகிழ்ச்சிதான். அடிபட்ட பிறகு நடப்பதைப் பார்த்தால்தான் மனம் பதறுகிறது.

வருகிறவர்கள் அநேகமாக ஒரே கதையைத்தான் சொல்கிறார்கள். கால் ஊன்றியிருக்க உடம்பு திரும்பியது. முட்டிக்குள் 'டொப்' என்று ஒரு சத்தம். அன்று இரவுக்குள் முட்டி பந்து மாதிரி வீங்கியது. யாரோ எண்ணெய் போட்டு நீவிவிட்டார்கள். மூன்று வாரம் படுத்திருந்தார், வீக்கம் வடிந்தது, வலியும் போனது. "சரியாகிவிட்டது" என்று மறுபடி இறங்கினார். முதல் திருப்பத்திலேயே முட்டி நழுவியது. முதல் நாளில் ஜவ்வு மட்டும் கிழிந்திருந்த முட்டியில், இப்போது குஷன் போல இருக்கும் குருத்தெலும்பும் கிழிந்திருக்கிறது. அடிபட்ட சில மணி நேரத்துக்குள் முட்டி வீங்கினால் உள்ளே ரத்தம் கசிகிறது என்று பொருள். அது எண்ணெயால் தீரும் சமாச்சாரம் இல்லை.

சுளுக்கு எடுக்கும் கைகள்

சுளுக்கு எடுப்பதில் பெயர் வாங்கிய ஒரு தாத்தாவோ ஆயாவோ நம் ஊரில் தெருவுக்கு ஒருவர் இருப்பார். அவர்கள் மேல் எனக்குக் கோபமில்லை. பெரும்பாலும் காசு கூட வாங்காமல் செய்கிறவர்கள். கழுத்துப் பிடிப்புக்கும் இடுப்புப் பிடிப்புக்கும் அவர்கள் கைபட்டு இதமாக இருந்திருக்கலாம். ஆனால் அடிபட்ட அன்றைக்கு, வீங்கிக் கொதிக்கும் இடத்தில் கட்டைவிரலை வைத்து அழுத்தி வழிப்பது முற்றிலும் வேறு விஷயம். உள்ளே கிழிந்த ரத்தக் குழாய்கள் அப்போதுதான் அடைபட்டுக்கொண்டிருக்கும். அழுத்தி வழித்தால் மறுபடி திறந்துகொள்ளும், வீக்கம் இரட்டிப்பாகும்.

அதைவிட மோசமான ஒன்று உண்டு. பலரிடம் சொன்னால் நம்ப மாட்டார்கள். கபடியிலும் கால்பந்திலும் எதிராளியின் முட்டி தொடையில் இடித்து ரத்தம் கட்டிக்கொள்ளும். அந்த இடத்தை நாள்தோறும் அழுத்தித் தேய்த்துவிட்டால், தசைக்குள்ளேயே எலும்பு வளரத் தொடங்கலாம். உவமைக்காகச் சொல்லவில்லை, எக்ஸ்ரேயில் வெள்ளையாகத் தெரியும் உண்மையான எலும்பு. அப்புறம் முட்டியை முழுதாக மடக்க மாதக்கணக்கில் போராட வேண்டும். பிள்ளைகளின் முழங்கையிலும் இது வரும். விழுந்து முழங்கை வீங்கிய குழந்தையை யாரிடமும் நீவக் கொடுக்காதீர்கள். எண்ணெய் வைத்தியம் நல்லதா கெட்டதா என்ற விவாதத்தை இன்னொரு நாள் வைத்துக்கொள்ளலாம். முதலில் எலும்பு முறிந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணுக்கால் பிசகினால் எக்ஸ்ரே தேவையா என்று வீட்டிலேயே ஓரளவு தெரிந்துகொள்ளலாம். 1992-இல் கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி இன்றும் உலகம் முழுக்கப் பயன்படுகிறது. நான்கு அடி எடுத்து வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்காலின் இரு பக்கமும் துருத்தியிருக்கும் எலும்பின் பின்விளிம்பிலோ கீழ்முனையிலோ அழுத்தினால் வலித்தாலோ, எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பாதத்தின் நடுப்பகுதியிலும் சுண்டுவிரல் பக்க ஓரத்திலும் எலும்பைத் தொட்டால் வலிப்பதும் அப்படியே. சின்னக் குழந்தைகளுக்கு இந்த விதியை நம்பிக்கொண்டிருக்க வேண்டாம், நேராக வந்துவிடுங்கள்.

கட்டு என்னும் ஆபத்து

முட்டை வெள்ளைக்கருவும் உளுந்த மாவும் குழைத்து, மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டிய கட்டோடு வருகிறார்கள். எலும்புக் கட்டுக்குப் பெயர்போன ஆந்திரத்துப் புத்தூரின் பெயர் போட்ட பலகைகள் புறநகர் முழுக்கத் தொங்குகின்றன. அந்தப் பலகைக்குக் கீழே இருப்பவர் எங்கே, யாரிடம் கற்றார் என்று யாரும் கேட்பதில்லை. அடிபட்ட இடம் முதல் இரண்டு நாள் வீங்கிக்கொண்டே போகும். கட்டு விரிந்து கொடுக்காது. நடுவில் மாட்டிக்கொள்வது ரத்த ஓட்டம். விரல் மரத்துப்போவது, குளிர்ந்து போவது, நீலம் பாய்வது, விரலை நீட்டிவிட்டாலே உயிர்போகிற மாதிரி வலிப்பது: இதில் ஒன்று தெரிந்தாலும் கட்டை அவிழ்த்துவிட்டு அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓடுங்கள். அங்கே நாள்கணக்கு கிடையாது, மணிக்கணக்குதான்.

பயிற்சி பெற்றவர்கள் கையிலேயே கட்டு எவ்வளவு கவனத்தோடு கையாளப்பட வேண்டியது என்பதைச் சென்னை மறந்திருக்காது. 2022 நவம்பரில், முழங்கால் ஜவ்வு அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு போட்ட இறுக்கமான கட்டால் ரத்த ஓட்டம் தடைபட்டு, ஒரு கல்லூரிக் கால்பந்து வீராங்கனை முதலில் காலையும் பிறகு உயிரையும் இழந்தார். பதினேழு வயது. "இறுக்கமாக இருக்கிறது" என்று பிள்ளை சொன்னால், "பொறுத்துக்கோ" என்று யாரும் சொல்லாதீர்கள். கட்டியவர் நானாக இருந்தாலும் சரி, கேள்வி கேளுங்கள்.

மெடிக்கல் ஷாப் மாத்திரை

சீட்டு இல்லாமல் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு அரையிறுதி ஆடுகிற வழக்கம் இங்கே சர்வசாதாரணமாகிவிட்டது. போட்டிக்கு முன்பே "பாதுகாப்புக்கு ஒன்று" போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. எதிலிருந்து பாதுகாப்பு? சென்னை வெயிலில் வியர்த்து, தண்ணீர் குறைந்த உடம்பில் டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்தைத் தாக்கும். வெறும் வயிற்றில் போட்டால் குடல்புண். எல்லாவற்றுக்கும் மேலாக, "நிறுத்து" என்று உடம்பு சொல்வதை அவை கேட்கவிடாமல் செய்கின்றன. வலி தெரியாத முட்டியோடு ஆடுகிறவர், பாதி கிழிந்த ஜவ்வை முழுதாகக் கிழித்துக்கொள்ளத் தயாராக இருக்கிறார் என்றே அர்த்தம்.

குதிகாலின் பின்புறத் தசைநார் வலிக்கு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டு அடுத்த வாரமே ஷட்டில் ஆடப் போகிறவர்களும் இருக்கிறார்கள். மன்றாடிக் கேட்கிறேன், வேண்டாம். அந்த ஊசி தசைநாரை வலுவிழக்கச் செய்யும். முப்பது, நாற்பது வயதுகளில் வாரத்துக்கு ஒருமுறை ஆடுகிறவர்களுக்கு அந்தத் தசைநார் அறுந்துபோவதை நிறையப் பார்க்கிறேன். பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை என்பார்கள். அப்படி உணர்ந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிட்டு அன்றைக்கே வர வேண்டும்.

ஐஸ் பற்றி ஒரு வார்த்தை. முதல் இரண்டு மூன்று நாள், துணி சுற்றி, பத்துப் பதினைந்து நிமிடம் வைத்தால் வலி அடங்கும், அவ்வளவே. ஓய்வும் ஐஸும்தான் மருந்து என்று 1978-இல் எழுதிப் பரப்பிய அமெரிக்க மருத்துவர் கேப் மிர்கினே, அவை இரண்டும் குணமாவதைத் தாமதப்படுத்தலாம் என்று பிற்பாடு தன் கருத்தை மாற்றிக்கொண்டார். வெந்நீர் ஒத்தடமும் சூடான பற்றும் வீக்கம் இருக்கும் நாட்களில் வேண்டவே வேண்டாம்.

ஸ்கேன்

எக்ஸ்ரே எலும்பைக் காட்டும், ஜவ்வுக்கு எம்.ஆர்.ஐ. வேண்டும், எது தேவை என்பதைக் கையால் சோதித்துப் பார்த்தவர் சொல்லட்டும்.

"கரன்ட் வைத்தாயிற்று, இன்னும் என்ன?"

பிசியோதெரபி என்றால் பலருக்கும் ஒயர் மாட்டிக் கரன்ட் வைப்பதுதான். பத்து நாள் கரன்ட், வலி குறைந்தது, முடிந்தது. உடற்பயிற்சி சொல்லிக் கொடுத்தால் "அதை வீட்டில் பார்த்துக்கொள்கிறோம்" என்கிறார்கள். கரன்ட் வலியைச் சற்றுத் தணிக்கும், ஒரு இழைத் தசையைக்கூட அது வளர்க்காது. ஜவ்வு கிழிந்த காலில் தொடைத் தசை இரண்டே வாரத்தில் கண்ணுக்குத் தெரியும்படி வற்றிவிடும். அதைத் திரும்பக் கொண்டுவருவதுதான் உண்மையான சிகிச்சை. முதலில் முட்டியை முழுதாக நீட்ட வைப்பது, தொடையை இறுக்கிப் பழக்குவது. பிறகு உட்கார்ந்து எழுவது, படி ஏறுவது, ஒற்றைக் காலில் நிற்பது, எடை தூக்குவது. அதற்கும் பிறகு குதிப்பது, ஓடுவது, ஓடியபடியே திரும்புவது. எல்லாமே சலிப்பூட்டும் வேலை. வியர்வை வரும், சில நாள் வலிக்கும். ஒற்றைக் காலில் நிற்கும் அந்தச் சின்னப் பயிற்சியை ஒழுங்காகச் செய்தாலே கணுக்கால் மறுபடி மறுபடி பிசகுவது பெருமளவு குறையும். அதைக்கூடச் செய்யாமல் ஆங்கிள் கேப் வாங்கிப் போட்டுக்கொண்டு வருகிறார்கள்.

"ரெஸ்ட் எடுத்தால் தானாகச் சரியாகும்" என்பது இன்னொரு நம்பிக்கை. குதிகால் தசைநார் வலியால் ஓட முடியாமல் அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருந்த பதினைந்து பேரை ஸ்வீடனின் ஹோகன் ஆல்ஃபிரட்சன் ஓய்வெடுக்கச் சொல்லவில்லை. படியின் விளிம்பில் நின்று, எடையோடு குதிகாலை மெதுவாகக் கீழே இறக்கும் பயிற்சியை, வலித்தாலும் நாளுக்கு இருமுறை, பன்னிரண்டு வாரம் செய்யச் சொன்னார். பதினைந்து பேரும் ஓட்டத்துக்குத் திரும்பினார்கள். 1998-இல் வெளியான ஆய்வு அது. தசைநார் பாரத்தால்தான் பலப்படும். எவ்வளவு பாரம், எப்போது என்பதில்தான் பிசியோவின் படிப்பு இருக்கிறது. அதனால் போகும் இடத்தில் இருப்பவர் பி.பி.டி. படித்தவர்தானா என்று கேளுங்கள். செலவுதான் தடை என்றால், கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது, அரசுத் தலைமை மருத்துவமனைகளில் இயன்முறை சிகிச்சைப் பிரிவுகள் இருக்கின்றன. காசில்லை என்று பாதியில் நிறுத்திவிட்டு வீட்டில் உட்காராதீர்கள்.

ஒன்பது மாதம்

முழங்கால் ஜவ்வு அறுவைச் சிகிச்சை முடிந்த ஆறாம் மாதம், "டாக்டர், ஓடுகிறேன், வலியே இல்லை, டோர்னமென்ட் இருக்கிறது" என்று வந்து நிற்பார்கள். 2016-இல் வெளியான நார்வே, அமெரிக்க ஆய்வாளர்களின் கணக்கு இது: திரும்பி விளையாடுவதை ஒன்பதாம் மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும், மறுபடி அடிபடும் வாய்ப்பு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. ஒன்பது மாதம் முடிந்தால் மட்டும் போதாது. அடிபட்ட காலின் தொடை வலு மற்ற காலின் வலுவில் 90 சதவீதமாவது இருக்க வேண்டும், ஒற்றைக் காலில் தாவும் தூரமும் அப்படியே. வலி இல்லை என்பது இந்தப் பரீட்சைக்குள் நுழையத் தகுதி மட்டுமே, தேர்ச்சி அல்ல.

ரவீந்திர ஜடேஜாவை நம் ஊர்க்காரராகவே நினைப்பவர்கள் இங்கே ஏராளம். 2022 செப்டம்பரில் அவருக்கு முழங்கால் அறுவைச் சிகிச்சை. உலகமே பார்க்கும் ஆஸ்திரேலியா தொடர் காத்திருந்தபோதும் அவரை நேராக அதில் இறக்கவில்லை. 2023 ஜனவரியில் நம் சேப்பாக்கத்தில், தமிழ்நாட்டுக்கு எதிரான ரஞ்சி ஆட்டத்தில் சௌராஷ்டிராவுக்காக நிறைய ஓவர்கள் வீசினார், இரண்டாவது இன்னிங்ஸில் ஏழு விக்கெட் எடுத்தார். அதன் பிறகுதான் நாக்பூர் டெஸ்ட். பக்கத்திலேயே பிசியோ, பயிற்சியாளர், ஜிம் என்று எல்லாம் இருக்கும் ஒருவரே இத்தனை படி ஏறித்தான் திரும்பினார்.

பெண் பிள்ளைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். திடீரெனத் திரும்பும் விளையாட்டுகளில் முழங்கால் ஜவ்வு கிழிவது ஆண்களைவிடப் பெண்களுக்கு அதிகம். ஆனால் பிள்ளைக்கு அடிபட்டதும் பல வீடுகளில் எடுக்கப்படும் முடிவு, "இனி விளையாட வேண்டாம், அவ்வளவுதானே" என்பது. விளையாட்டை நிறுத்தியதும் சிகிச்சையும் நின்றுவிடுகிறது. நழுவும் முட்டியோடு அவள் படி ஏற வேண்டும், பஸ்ஸில் நிற்க வேண்டும், நாளைக்குப் பிள்ளை தூக்க வேண்டும். இப்படி அடிபட்டவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குப் பத்து, இருபது ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது. பதினேழில் அடிபட்டவளுக்கு முப்பத்தைந்தில் பாட்டியின் முட்டி. அவள் மைதானத்துக்குத் திரும்புகிறாளோ இல்லையோ, பயிற்சியை முடிக்க வையுங்கள்.

முதுகு வலிக்கிறது என்று சொல்லும் பந்துவீச்சாளர்

பதினான்கு, பதினைந்து வயதில் வேகமாகப் பந்து வீசும் பையன் இடுப்புக்கு மேல் ஒரு பக்கமாக வலிக்கிறது என்று சொல்லி, இரண்டு வாரம் தாண்டியும் அது போகவில்லையென்றால், அதைச் சுளுக்கு என்று தள்ளாதீர்கள். முதுகெலும்பில் மயிரிழை விரிசலாக இருக்கலாம். சீக்கிரம் கண்டுபிடித்தால் பந்துவீச்சை நிறுத்திச் சில மாதத்தில் ஆற்றிவிடலாம். நம் லட்சுமிபதி பாலாஜி இதே போன்ற முதுகு விரிசலால் ஆண்டுக்கணக்கில் இந்திய அணிக்கு வெளியே இருந்தவர். திரும்பி வந்து, 2008-இல் ஐ.பி.எல். வரலாற்றின் முதல் ஹாட்ரிக்கைச் சேப்பாக்கத்திலேயே எடுத்தார். பொறுமையாக ஆற்றினால் திரும்பலாம். காலையில் அகாடமி, மாலையில் பள்ளி அணி, ஞாயிற்றுக்கிழமை டென்னிஸ் பால் மேட்ச் என்று மூன்று இடத்தில் வீசும் பையன் மொத்தம் எத்தனை பந்து வீசுகிறான் என்று எந்தப் பயிற்சியாளருக்கும் தெரிவதில்லை. அந்தக் கணக்கைப் பெற்றோர்தான் எழுதி வைக்க வேண்டும்.

உங்களிடம் கேட்பது

கால்பந்துக்காக ஃபிஃபா உருவாக்கிய '11+' என்ற வார்ம்அப் பயிற்சிக்கு இருபது நிமிடம் போதும். கருவி எதுவும் வேண்டாம், காசு வேண்டாம், இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்களிடம் சோதித்து 2008-இல் வெளியிட்டபோது, மொத்தக் காயங்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தன. முட்டி உள்பக்கம் மடங்காமல் தரையிறங்கவும், பின்தொடையை வலுப்படுத்தவும் அது பழக்குகிறது. பள்ளி விளையாட்டு ஆசிரியர்களே, அகாடமி நடத்துகிறவர்களே, உங்கள் காலில் விழாத குறையாகக் கேட்கிறேன்: மைதானத்தை இரண்டு சுற்று ஓடவிட்டு ஆட்டத்தைத் தொடங்கும் வழக்கத்தை இந்த வாரமே விடுங்கள்.

டர்ஃப் எடுத்து ஆடும் நண்பர்களுக்கு இருக்கும் சங்கடம் புரிகிறது. மணிக்கணக்கில் வாடகை கொடுத்திருக்கிறீர்கள், அதில் இருபது நிமிடத்தை வார்ம்அப்பில் கழிக்க யாருக்கும் மனம் வராது. அப்படியென்றால் முன்கூட்டியே வந்து, வண்டி நிறுத்தும் இடத்தில் வெளிச்சத்தில் நின்று செய்யுங்கள். தாமதமாக வந்து, வார்ம்அப் இல்லாமல் இறங்கப் பார்க்கிறவரை, எவ்வளவு நல்ல ஆட்டக்காரராக இருந்தாலும், முதல் பத்து நிமிடம் ஓரத்தில் நிறுத்திப் பயிற்சி செய்ய வையுங்கள். அப்படியும் யாருக்காவது கால் மடங்கிச் சத்தம் கேட்டால், அவரை நிற்க வைத்து "நடந்து பார்" என்று சொல்லாமல், எண்ணெய்க்கும் ஸ்பிரேக்கும் ஆள் அனுப்பாமல், இரண்டு பேராகத் தாங்கிக் கூட்டிவாருங்கள். அன்றைக்கே வாருங்கள்.