உப்புக்காற்றில் ஓடும் காருக்கு எயார் சஸ்பென்ஷன் பொருந்துமா?

பொன்னாலைப் பாலத்தால் காரைநகருக்குப் போகும் காருக்கு இருபக்கமும் கடல்நீர். சோளகம் வீசும் மாதங்களில் காற்றோடு வரும் உப்பு காரின் அடிப்பக்கத்தில் படிந்துவிடும். பூச்சு உரிந்த இடத்தில் ஸ்பிரிங் துருப்பிடிக்கும். துரு அரித்த குழியில் பாரம் ஏறி இறங்கி, ஒருநாள் சுருள் முறியும். உருக்குச் சுருளைக் கழற்றிவிட்டுக் காற்றுப்பை போட்டால் என்ன என்ற யோசனை கார்ப் பிரியர்களுக்கு வருவது இயல்புதான். இலங்கையில் 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறந்தது. அந்த ஆண்டுகளில் போல இன்றும் கையிலுள்ள காரையே பேணிப் புதுக்குகிறவர்களுக்கு இந்தக் கேள்விக்கு விளக்கமான பதில் தேவை.

சுருள் ஸ்பிரிங்கும் அதன் நடுவே சொக் அப்சோர்பரும் ஒரே அச்சில் அமைந்திருப்பதுதான் கொயில்ஓவர். பாரத்தைத் தாங்குவது சுருள்; ஆட்டத்தை அடக்குவது சொக் அப்சோர்பர். எயார் சஸ்பென்ஷனுக்கு மாறும்போது சுருளின் இடத்துக்கு ரப்பர்ப் பை வருகிறது. அதற்குக் காற்றூட்ட ஒரு கொம்பிரசர், காற்றைச் சேமிக்கும் தாங்கி, வால்வுகள், குழாய்கள் எல்லாம் கூடவே வருகின்றன. சொக் அப்சோர்பர் மட்டும் எப்படியும் வேண்டும்.

பாரமும் அமுக்கமும்

சிறிய கார் ஒன்றின் பின்மூலையில் 250 கிலோ பாரம் இருப்பதாகக் கொள்வோம். அங்குள்ள ஸ்பிரிங்கை ஒரு மில்லிமீற்றர் அமுக்க 25 நியூட்டன் விசை வேண்டுமென்றால், அந்த மூலை செக்கனுக்கு ஏறத்தாழ 1.6 தடவை மேலும் கீழும் ஆடும். மார்கழித் திருவாதிரைக்கு காரைநகரின் ஈழத்துச் சிதம்பரம் கோயிலுக்குப் போகக் குடும்பமே ஏறி, அதே மூலையில் இன்னும் 100 கிலோ கூடினால் ஸ்பிரிங் 39 மில்லிமீற்றர் தாழ்ந்துவிடும். ஆட்டம் 1.35 தடவையாகக் குறையும். காரின் பின்பக்கம் குந்த, முன்விளக்கின் ஒளி எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும். பள்ளம் வந்தால் தடுப்பு ரப்பரில் போய் இடிக்கும்.

காற்றுப்பையில் கணக்கு வேறு. பாரத்தைத் தாங்கும் பரப்பு 60 சதுர சென்ரிமீற்றர் என்றால், 250 கிலோவுக்கு 4.1 பார் அமுக்கம் போதும். 350 கிலோவுக்கு 5.7 பார் வேண்டும். கொம்பிரசர் அந்த வித்தியாசத்தை ஊட்டியதும் கார் பழைய உயரத்துக்கே வந்துவிடும். அமுக்கம் கூடக் காற்றின் விறைப்பும் கூடுகிறது. பாரமும் விறைப்பும் சேர்ந்தே உயர்வதால் ஆடும் வேகம் ஏறத்தாழ மாறுவதில்லை. ஒருவர் போனாலும் ஐவர் போனாலும் ஒரே மாதிரியான ஓட்டம்: எயார் சஸ்பென்ஷனின் உண்மையான பயன் இதுதான்.

பஸ்ஸில் வென்றது, காரில் தடுமாறியது

அதனால்தான் பாரம் ஓயாமல் மாறும் வாகனங்களில் அது முதலில் வேரூன்றியது. அமெரிக்காவில் ஜெனரல் மோட்டர்ஸ் 1953இல் தன் பஸ்களில் காற்று ஸ்பிரிங்கைப் புகுத்தியது. இன்று சென்னை பாடியில் தொழிற்சாலை கொண்ட வீல்ஸ் இந்தியா நிறுவனம் பஸ், லொறிகளுக்கு எயார் சஸ்பென்ஷன் செய்து கொடுக்கிறது. காலிப் பஸ்ஸுக்கும், நிற்க இடமின்றிச் சனம் நிறைந்த பஸ்ஸுக்கும் இடையே சில தொன் வித்தியாசம் உண்டு. அங்கே காற்றின் தேவை தெளிவு.

கார்களின் கதை அவ்வளவு சுலபமாக இருக்கவில்லை. 1957இன் கடிலாக் எல்டொராடோ புறோம் எயார் சஸ்பென்ஷனோடுதான் விற்பனைக்கு வந்தது. கசிவும் கோளாறும் ஓயாததால் சொந்தக்காரர் பலர் அதைக் கழற்றிவிட்டுச் சுருள் ஸ்பிரிங்கை மாட்டிக்கொண்டார்கள்.

ஒரு தேக்கரண்டித் தண்ணீர்

காரைநகரில் கசிவோடு இன்னொரு பகையும் உண்டு: காற்றிலுள்ள ஈரம். 30 பாகை வெப்பத்தில் ஒரு கனமீற்றர் காற்று ஏறத்தாழ 30 கிராம் நீராவியைத் தாங்கும். சாரீரப்பதன் 80 வீதம் என்றால் அதில் 24 கிராம் இருக்கும். 20 லீற்றர் தாங்கியை 10 பார் வரை நிரப்ப வெளிக்காற்று மொத்தம் 220 லீற்றர் வேண்டும். அதோடு 5 கிராமுக்குச் சற்று மேலான நீராவியும் உள்ளே போகும். நெருக்கிய காற்று ஆறியதும் 20 லீற்றர் இடத்தில் அரைக் கிராமுக்குச் சற்று மேல்தான் ஆவியாக நிற்க முடியும். மிச்சம், ஏறத்தாழ ஒரு தேக்கரண்டி, தண்ணீராகத் தாங்கியின் அடியில் சேரும். கொம்பிரசர் உறிஞ்சும் வாய் காரின் அடியில் இருந்தால் உப்பும் சேர்ந்தே போகும். தாங்கி உள்ளிருந்து துருப்பிடிக்க, அந்தத் துரு வால்வுகளில் சிக்க, அவை முழுதாக மூடாமல் காற்றைக் கசியவிடும். விடியும்போது கார் ஒருபக்கம் சாய்ந்து நிற்கும்.

தொழிற்சாலையிலேயே எயார் சஸ்பென்ஷனோடு வரும் கார்களில் ஈரத்தை உறிஞ்சும் உலர்த்தி உண்டு. காரைத் தாழ்த்தும்போது வெளியேறும் உலர்ந்த காற்று அதே உலர்த்தி வழியாகத் திரும்பி, பிடித்துவைத்த ஈரத்தை வாரிக்கொண்டு போகும். பின்னர் வாங்கிப் பொருத்தும் தொகுதிகள் பலவற்றில் இந்த ஏற்பாடு இல்லை. அங்கே உலர்த்தியைத் தனியாகப் பூட்டி, அதிலுள்ள ஈரமுறிஞ்சும் மணிகளைக் காலாகாலத்தில் மாற்ற வேண்டும். உறிஞ்சும் வாயை டிக்கியின் உள்ளே உயரத்தில் வைத்து, அதற்கு வடிகட்டியும் போட வேண்டும். தாங்கியின் அடியிலுள்ள வடிகால் திருகைக் கிழமைக்கொருமுறை திறந்துவிட வேண்டும்.

கராஜில் கவனிக்க வேண்டியவை

பை உப்பி நிற்கும்போதும் முழுதாக அமுங்கும்போதும் எந்த உலோக விளிம்பிலும் உரசக்கூடாது. சக்கரத்தை முழுதாகத் தாழ்த்தியும் உயர்த்தியும், ஸ்ரியறிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பியும் பார்த்த பிறகே ரயரைப் பூட்ட வேண்டும். குழாய் சைலென்சரின் சூட்டுக்கு எட்டாத வழியால் போக வேண்டும். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நீர் தடவி, குமிழி எழும்புகிறதா என்று பார்க்க வேண்டும். சொக் அப்சோர்பர் புதிய விறைப்புக்குப் பொருந்தியதாக இருக்க வேண்டும்; பழையதையே விட்டால் கார் ஒன்றில் துள்ளும், அல்லது கல்லாக இடிக்கும். சக்கர எலைன்மென்ற், ஓடும் உயரத்தில் வைத்துச் செய்யப்பட வேண்டும். தரையோடு தரையாகத் தாழ்த்துவது நிறுத்தி வைத்திருக்கும்போது மட்டுந்தான். அந்த நிலையில் ஓட்டினால் தடுப்பு ரப்பரே ஸ்பிரிங்காகிவிடும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது உயிர். காற்று மட்டும் தாங்கி நிற்கும் காரின் அடியில் ஒருவரும் நுழையக்கூடாது. ஒரு குழாய் கழன்றால் அந்த மூலை கண்ணிமைக்குள் கீழே வந்துவிடும். காருக்கு இரும்பு முட்டுக் கொடுத்த பிறகே அடியில் கை போக வேண்டும்.

ஆட்களையும் பெட்டிகளையும் மாறிமாறி ஏற்றும் வானுக்கு, ஈரத்தைக் கவனிக்கும் பொறுமையும் சொந்தக்காரருக்கு இருந்தால், எயார் சஸ்பென்ஷன் செலவுக்குத் தகுந்த பயன் தரும். பெரும்பாலும் ஒருவர் இருவர் மட்டுமே போகும் காருக்கு அந்தப் பயன் மிகச் சிறிது. நல்ல பூச்சுள்ள சுருளும், வாரம் ஒருமுறை அடிப்பக்கத்தை நல்ல தண்ணீரால் கழுவும் பழக்கமும் அதற்குப் போதும். துருவுக்குப் பயந்து சுருளைக் கழற்றுகிறவர், அதே துருவைத் தாங்கிக்குள்ளும் வால்வுக்குள்ளும் சந்திப்பார். கடலோரத்தில் எந்த ஸ்பிரிங்கைத் தெரிவுசெய்தாலும், உப்பையும் ஈரத்தையும் அகற்றும் வேலையை முதலில் ஏற்க வேண்டும்.