கட்டம் கறுப்பா, வெள்ளையா?

தமிழ்நாட்டுப் பாடநூல் ஒன்றைப் புரட்டினால், பாடத்தின் ஓரத்தில் கறுப்பும் வெள்ளையுமாக ஒரு சிறு சதுரம் தென்படும். 2018இல் 1, 6, 9, 11 ஆம் வகுப்புகளுக்குப் புதிய புத்தகங்கள் வந்தபோது கூடவே வந்த கியூஆர் கோடு அது. ஆசிரியர் தன் போனை அதன்மேல் காட்டினால், ஒன்றிய அரசு 2017 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய தீக்ஷா தளத்தில் அந்தப் பாடத்துக்கான காணொலி திறக்கும். பைசா செலவில்லை. காணொலி ஓடி முடிந்ததும் சதுரத்தை மறந்துவிடுகிறோம். ஆனால், அந்தச் சதுரமே ஒரு பாடம். காஞ்சிபுரத்துக்கும் வாலாஜாபாத்துக்கும் நடுவே இருக்கும் ஐயம்பேட்டை போன்ற நெசவு ஊர்களில், அந்தப் பாடத்தின் முதல் பாதி தறி போட்ட வீடுகளிலேயே கிடக்கிறது.

தறியின் தலைமேல் ஜக்கார்டு பெட்டி உட்கார்ந்திருக்கும். அதிலிருந்து துளை போட்ட அட்டைகள் ஒன்றோடொன்று கோத்துக் கட்டித் தொங்கும். கரையில் ஓர் அன்னம் வர வேண்டுமென்றால், முதலில் அதைக் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாக நிரப்பி வரைவார்கள். பிறகு ஒவ்வொரு வரிசையும் ஓர் அட்டையாகும். அட்டையில் துளை இருக்கும் இடத்தில் ஊசி உள்ளே போய்விடும். அதனோடு சேர்ந்த கொக்கி பாவு நூலை மேலே தூக்கும். துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைத் தள்ளிவிடும். கொக்கி விலகி, நூல் கீழேயே நின்றுவிடும். நூல் மேலா, கீழா? ஒவ்வொரு கொக்கிக்கும் அட்டை சொல்லும் பதில் அவ்வளவுதான். அந்தப் பதில்கள் ஆயிரக்கணக்கில் சேரும்போது அன்னம் வந்துவிடுகிறது.

பிரான்சின் லியோன் நகரத்தில் 1804 வாக்கில் ஜோசப் மரி ஜக்கார்டு உருவாக்கிய பொறி இது. பின்னாளில் ஜக்கார்டின் உருவத்தையே சுமார் 24,000 அட்டைகள் கொண்டு பட்டில் நெய்தார்கள். அந்தப் பட்டுப் படங்களில் ஒன்று சார்லஸ் பாபேஜிடம் இருந்தது. தான் கனவு கண்ட கணக்கிடும் பொறிக்குக் கட்டளை கொடுக்க, இந்தத் துளை அட்டைகளையே அவர் எடுத்துக்கொண்டார். இன்றைய கணினியின் 0, 1 கணக்குக்குத் தறிமேடையிலிருந்து ஒரு வழி போகிறது என்பதை நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

கியூஆர் கோடும் அதே கிராஃப் தாள்தான். கறுப்புக் கட்டம் 1, வெள்ளை 0. மிகச் சிறிய கோட்டில் 21 வரிசை, 21 நிரல். மிகப் பெரியதில் 177க்கு 177. ஜப்பானில் டென்சோ குழுமத்தின் பொறியாளர் மசாஹிரோ ஹாரா 1994இல் இதை உருவாக்கினார். கார் உதிரிபாகப் பெட்டிகளில் ஒட்டியிருந்த பழைய பட்டைக்கோட்டில் சுமார் 20 எழுத்துகள்தான் அடங்கும்; ஒரே பெட்டிக்குப் பல கோடுகளை வருடித் தொழிலாளிகள் சலித்துப்போயிருந்தார்கள். நீளத்தோடு அகலத்தையும் பயன்படுத்தலாம் என்ற யோசனை ஹாராவுக்குக் 'கோ' விளையாட்டுப் பலகையின் கறுப்பு, வெள்ளைக் காய்களைப் பார்த்து வந்தது.

அடுத்த சிக்கல், அச்சிட்ட பக்கத்தில் கோடு எங்கே இருக்கிறது என்று பொறி எப்படி அறியும் என்பது. ஹாராவின் குழு செய்தித்தாள், பத்திரிகை, துண்டுப் பிரசுரம் என அச்சில் வந்தவற்றை அலசி, கறுப்பும் வெள்ளையும் மாறி வரும் அளவுகளில் எது மிக அரிதாகத் தென்படுகிறது என்று தேடியது. கிடைத்த விடை 1:1:3:1:1. கோட்டின் மூன்று மூலைகளில் கண்போல் இருக்கும் சதுரங்களின் மையம் வழியே எந்தப் பக்கமாக நேர்கோடு இழுத்தாலும் இதே விகிதம் வரும். போனைத் தலைகீழாகப் பிடித்தாலும் கோடு படிக்கப்படுவது அதனால்தான். காப்புரிமை கையில் இருந்தும், தரத்தைப் பின்பற்றி யாரும் இலவசமாகப் பயன்படுத்தலாம் என்று அந்த நிறுவனம் விட்டுக்கொடுத்தது. பாடநூல் வரைக்கும் அது வந்து சேர்ந்ததற்கு அந்தப் பெருந்தன்மை ஒரு முக்கியக் காரணம் என்றே நினைக்கிறேன்.

புத்தகம் கசங்கினாலும் மை சிந்தினாலும் கோடு வேலை செய்கிறதே, அது எப்படி? இதை விளக்க மின்சாரம்கூட வேண்டாம். நியூசிலாந்தின் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டிம் பெல்லும் நண்பர்களும், கணினியே இல்லாமல் கணினியியல் சொல்லித்தரும் 'சிஎஸ் அன்பிளக்டு' விளையாட்டுகளை இணையத்தில் இலவசமாகத் தருகிறார்கள். அதில் ஒன்று: ஒரு பக்கம் வண்ணமும் மறுபக்கம் வெள்ளையுமான அட்டைகளை ஒரு மாணவி ஐந்துக்கு ஐந்தாக, தன் விருப்பப்படி அடுக்குகிறாள். 'இன்னும் கொஞ்சம் கஷ்டமாக்குவோம்' என்று சொல்லி ஆசிரியர் ஆறாவது வரிசையும் நிரலும் சேர்க்கிறார். சேர்க்கும்போது, எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் வண்ண அட்டைகள் இரட்டைப்படையாக இருக்கும்படி சத்தமில்லாமல் பார்த்துக்கொள்கிறார். அவர் முகத்தைத் திருப்பிக்கொள்ள, ஒரு பையன் ஓர் அட்டையைப் புரட்டிப் போடுகிறான். ஒற்றைப்படையாகிப்போன ஒரு வரிசை, ஒரு நிரல். இரண்டும் சந்திக்கும் இடத்தில் ஆசிரியரின் விரல் நிற்கும். தேவைக்கு மேல் சேர்த்து வைத்த 11 அட்டைகள்தான் பிழையைக் காட்டிக்கொடுத்தன.

இரண்டு அட்டைகளைப் புரட்டினால் இந்த வித்தை திணறும். அதற்கும் மேலான வழியை 1960இல் இர்விங் ரீடும் குஸ்டவ் சாலமனும் கண்டார்கள். அதன் வேரை ஒன்பதாம் வகுப்பு வரைபடக் கணக்கிலேயே காட்டலாம். நேர்கோட்டை வரைய இரண்டு புள்ளிகள் போதும். இரண்டுக்குப் பதில் ஆறு புள்ளிகளை அனுப்புங்கள். வழியில் இரண்டு இடம் மாறிப்போனாலும், மீதி நான்கும் ஒரே கோட்டில் நிற்கும். வேறெந்தக் கோட்டிலும் மூன்றுக்கு மேல் சேராது. தவறியவை எவை என்பது தெரிந்துவிடும். கணிதப் புத்தகத்தின் 'இணையச் செயல்பாடு' பகுதியில் அடிக்கடி வரும் ஜியோஜீப்ராவில் புள்ளிகளை நகர்த்தி இதைப் பிள்ளைகளே செய்து பார்க்கலாம். மார்க்குஸ் ஹோஹன்வார்ட்டர் 2001இல் ஆஸ்திரியாவின் சால்ஸ்புர்க்கில் தொடங்கிய மென்பொருள் அது, ஆசிரியர்களுக்கு இலவசம். கியூஆர் கோடு நேர்கோட்டுக்குப் பதில் உயர்படிக் கோவைகளையும், 256 எண்களுக்குள்ளேயே முடிந்துவிடும் தனிக் கணக்கையும் கையாள்கிறது. உச்ச நிலையில் சுமார் 30 விழுக்காடு சேதத்தைத் தாங்கும்.

நெட் சரியாகக் கிடைக்காத பள்ளிகளில் இதெல்லாம் எதற்கு என்று கேட்கும் ஆசிரியர்களின் கேள்வி நியாயமானது. கேமரா சரியில்லை என்றால், சதுரத்தின் கீழே அச்சிட்டிருக்கும் ஆறு எழுத்துக் குறியீட்டைத் தட்டினாலே போதும். காணொலியை நெட் கிடைக்கும் இடத்தில் இறக்கி வைத்துக்கொள்ளலாம். நெட்டே இல்லாவிட்டாலும் மேலே சொன்ன அட்டை விளையாட்டு நடக்கும். ஒரு கருவி இல்லாதபோதும் பாடம் நிற்காமல் நடத்த முடிகிறதா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன்.

வகுப்பில் செய்து பார்க்க இன்னொன்று. ஒரு கியூஆர் கோட்டை நகலெடுத்து, நடுப்பகுதியில் ஒவ்வொரு கட்டமாக மையால் அடைத்து, எது வரைக்கும் போன் படிக்கிறது என்று பிள்ளைகள் குறித்துக்கொள்ளட்டும். பிறகு புதிய நகலில், மூலைக் கண் ஒன்றை மட்டும் முழுதாக அடைக்கட்டும். மை குறைவுதான், ஆனாலும் பெரும்பாலும் போன் திகைத்து நின்றுவிடும். பிழை திருத்தும் கணக்கு தகவல் கட்டங்களை மட்டுமே காக்கிறது. கண்கள் அந்தக் கணக்கில் சேராதவை. அவை தெரிந்தால்தான் கணக்கே தொடங்கும்.