மாட்டுக் கடன் பாக்கி பயிர்க்கடனையும் இழுக்கும்

விழுப்புரம், திண்டிவனம் பக்கம் நெல்லும் மணிலாவும் வைக்கும் சிறு விவசாயி ஒருவருக்கு ஒரே வங்கிக் கிளையில் பயிர்க்கடனும் கறவை மாட்டுக் கடனும் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பால் வற்றிய மாதங்களில் மாட்டுக் கடன் தவணை நிற்கிறது. மணிலா விற்றதும் மொத்தமாகக் கட்டிவிடலாம் என்று இருந்துவிடுகிறார். அடுத்த பருவத்துக்குக் கடன் கேட்டுப் போனால், "உங்கள் கணக்கு வாராக்கடனில் இருக்கிறது" என்கிறார்கள். காரணம் என்ன?

இரண்டு கடனுக்கும் இரண்டு கணக்கு

ரிசர்வ் வங்கி விதிப்படி, பொதுவாக 90 நாளுக்கு மேல் பாக்கி நிற்கும் கடன் வாராக்கடன். பயிர்க்கடனுக்குச் சலுகை உண்டு. குறுகிய காலப் பயிர் என்றால், கெடு தாண்டி இரண்டு பயிர்ப் பருவம் பாக்கி நின்றால்தான் வாராக்கடன். ஓராண்டுக்கு மேற்பட்ட பயிருக்கு ஒரு பருவம். பருவத்தின் அளவை மாநில அளவிலான வங்கியாளர் குழு முடிவு செய்கிறது.

கறவை மாடு, கோழி போன்ற சார்புத் தொழில் கடன்களுக்கு இந்தச் சலுகை இல்லை; 90 நாள்தான். ஒருவருடைய ஒரு கடன் வாராக்கடன் ஆனால், அதே வங்கியில் அவருக்குள்ள மற்றக் கடன்களும் அப்படியே கருதப்படும். வங்கி தன் லாபத்திலிருந்து அதற்குப் பணம் ஒதுக்கி வைக்க வேண்டும். அதனால்தான் புதுக் கடனுக்குத் தயங்குகிறது. சிபில் மதிப்பெண்ணும் இறங்கும்.

கெடு தவறினால் நஷ்டம்

உழவர் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை பயிர்க்கடனுக்கு வட்டி 7 சதவீதம். கெடுவுக்குள் கட்டினால் 3 சதவீதம் சலுகை. நிகர வட்டி 4 சதவீதம். ஒரு லட்சத்துக்கு ஆண்டு வட்டி 4,000 ரூபாய். கெடு தவறினால் அந்த 3,000 ரூபாய் சலுகை போய்விடும்.

புயல், வெள்ளம் வந்தால்

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 50 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. இப்படிப்பட்ட பேரிடரில் பயிர்ச்சேதம் 33 சதவீதத்துக்குக் குறையாமல் இருந்தால், பயிர்க்கடனைத் தவணைக் கடனாக மாற்ற ரிசர்வ் வங்கியின் 2018 நெறிமுறை இடம் தந்தது. சேதம் 50 சதவீதத்துக்குக் கீழ் என்றால் 2 ஆண்டு வரையும், அதற்கு மேல் என்றால் 5 ஆண்டு வரையும் அவகாசம் கிடைத்தது. உரிய காலத்தில் மாற்றிய கடன் வாராக்கடன் ஆகாது. ஆகவே சேதக் கணக்கெடுப்பில் தம் சர்வே எண் சேர்ந்திருக்கிறதா என்று கிராம நிர்வாக அலுவலரிடம் பார்த்துவிட்டு, உடனே கிளையில் எழுத்து மூலம் விண்ணப்பிக்க வேண்டும்.

வாசகர் கேள்வி

*தள்ளுபடி வரும் என்று கட்டாமல் காத்திருக்கலாமா?*

வேண்டாம். 2021 பிப்ரவரியில் தமிழக அரசு அறிவித்த 12,110 கோடி ரூபாய் தள்ளுபடி கூட்டுறவுப் பயிர்க்கடனுக்கு மட்டுமே. வணிக வங்கியில் வாங்கியவர்களுக்கு அது பொருந்தவில்லை.

*ஒரே தவணையில் குறைத்துக் கட்டி முடிக்கலாமா?*

வேறு வழியே இல்லாதபோது செய்யலாம். ஆனால் 'சமரசத்தில் முடிந்தது' என்று கடன் அறிக்கையில் பதிவாகும்; அடுத்த கடனுக்கு அது தடையாகலாம். அதற்கு முன், கையில் வரும் பால் பணத்தில் மாட்டுக் கடன் பாக்கியை முதலில் அடைப்பதே நல்லது. பயிர்க்கடனுக்குப் பருவம் வரை அவகாசம் உண்டு. மாட்டுக் கடனுக்கு இல்லை.