படிப்பும் பயனும்

கவிதை கற்றாருக்கு மட்டுமே உரியதென்று எண்ணுவோர் பலர். பள்ளிக்கூடத்தில் மனனஞ் செய்து, பரீட்சையில் எழுதி, பின்னர் மறந்துவிடுவதே அதன் கதியென்று நினைப்போரும் உளர். ஆயின், எழுத்தறியாத உழவனும் செய்யுளைச் செவியால் நுகர்ந்து அதன் பொருளை உணர்வதற்கு வழியொன்று ஈழத்துத் தமிழரிடையே நெடுங்காலமாக இருந்து வருகின்றது. புராண படனம் என்பது அதன் பெயர்.

அது நடைபெறும் முறை எளியது. கோயில் மண்டபத்திலோ மடத்திலோ நூலைப் பீடத்தில் வைத்து இருவர் அமர்வர். ஒருவர் செய்யுளை இராகத்தோடு படிப்பார். மற்றவர் அதற்குப் பயன் சொல்லுவார். படிப்பவர் ஓசை கெடாது பாடுவதோடு, சொற்களைப் பிரித்துப் பொருள் தோன்ற நிறுத்தியுங் கொடுப்பார். பயன் சொல்பவர் அவ்வப் பகுதிக்குப் பொருள் கூறி, வேண்டுமிடத்து விளக்கத்தை விரிப்பார். இதனைப் 'பொருள்' என்னாது 'பயன்' என்று வழங்கியமை கவனிக்கத்தக்கது. சொல்லின் கருத்தை அறிவதோடு நில்லாமல், அதனாற் பெறும் நன்மையையும் அச்சொல் நினைவூட்டுகின்றது. கேட்போரும் வாளா இருப்பதில்லை. பல்லாண்டு கேட்டுப் பழகிய செவி, பிழையான சொற்பிரிப்பை உடனே கண்டுகொள்ளும்.

கச்சியப்ப சிவாசாரியார் இயற்றிய கந்தபுராணம் 10,000க்கு மேற்பட்ட செய்யுள்களையுடைய பெருநூல். ஒருவர் தனித்திருந்து அதனைப் படித்து முடித்தல் அரிது. ஊர் கூடிக் கேட்கும்போதோ, அது நாள்தோறும் வளரும் கதையாகிவிடுகின்றது. வள்ளியம்மை திருமணப் படலம் படிக்கப்படும் நாள், ஊருக்கே திருமண நாள் போன்றது. பண்டிதமணி சி. கணபதிப்பிள்ளை (1899–1986) இவ்வாழ்க்கை முறையையே 'கந்தபுராண கலாசாரம்' என்று குறித்தார்.

கந்தபுராணம் மட்டுமன்று, ஆண்டின் பருவந்தோறும் அதற்குரிய பாட்டொன்று உண்டு. சித்திராபௌர்ணமியிற் சித்திரபுத்திரனார் கதை படித்துக் கஞ்சி வார்ப்பர். வைகாசியில் மட்டக்களப்புப் பகுதிக் கண்ணகியம்மன் கோயில்களிற் கண்ணகி வழக்குரை ஒலிக்கும். மார்கழியில், திருவெம்பாவைக் காலத்தில், திருவாதவூரடிகள் புராணம் படிக்கப்படும். மணவீட்டில் வாழ்த்துப்பாப் படிப்பதும், இறந்தவர் நினைவாகக் கல்வெட்டு என்னுஞ் செய்யுளைப் பாடுவித்து அந்தியேட்டியிற் படிப்பதும் யாழ்ப்பாணத்து வழக்கங்கள். இன்பத்திலுந் துன்பத்திலும் கவிதை உடன் நின்றது.

இவ்வழக்கம் நிலைப்பதற்கு நூல் ஒன்றே போதாது. படிப்பவர், பயன் சொல்பவர், கேட்பவர் என மூவரும் வேண்டும். 1995ஆம் ஆண்டு வலிகாமத்து மக்கள் ஊரோடு இடம்பெயர நேர்ந்தது. புத்தகத்தைக் கையோடு எடுத்துச் செல்லலாம். கூட்டத்தை எவ்வாறு எடுத்துச் செல்வது? ஒரே மண்டபத்தில் இருந்தோர் பல திசைகளிற் சிதறினர். இடப்பெயர்வு நேராத ஊரிலும், பயன் சொல்ல வல்ல முதியவர் மாணாக்கரின்றி மறைவாராயின், நூல் அலுமாரியில் இருந்தும் அதன் குரல் ஒடுங்கிவிடும்.

ஆதலால், மண்டபத்தில் நிகழ்ந்ததை வீட்டிலுந் தொடங்குதல் நன்று. அதற்குப் பெரும் புலமை வேண்டுவதில்லை. மாலையில் விளக்கேற்றிய பின் கால்மணி நேரமும் ஒரு செய்யுளும் போதும். அது புராணமாகவே இருக்கவேண்டுமென்பதும் இல்லை. திருக்குறளாகலாம், பாரதியார் பாடலாகலாம், அவரவர் இல்லத்துக்கு ஏற்பச் சீறாப்புராணமோ தேம்பாவணியோ ஆகலாம். பிள்ளை படிக்கட்டும், பாட்டனார் பயன் சொல்லட்டும், வீட்டார் கேட்கட்டும். விளங்காத சொல்லுக்கு அகராதியைப் புரட்டுவதில் எவருக்கும் இழிவில்லை.

சில நாட் சென்றபின் இருவரும் இடம் மாறிக்கொள்ளட்டும். பாட்டனார் படிக்க, பிள்ளை தன் சொந்தச் சொற்களாற் பயன் சொல்லத் தொடங்கும் நாளில், அச்செய்யுள் பரீட்சைக்குரியதாக இராது; அப்பிள்ளைக்கே உரியதாகிவிடும்.