ஹராப்பான் விமானம் ஏறியது ஏன்?

காண்டாமிருகத்தை விமானத்தில் ஏற்றுவது எதற்காக? இனம் அழியாமல் காக்கத்தான். சுமத்ரா காண்டாமிருகங்கள் உலகில் 50க்கும் குறைவாகவே எஞ்சியுள்ளன.

அமெரிக்காவின் சின்சினாட்டி மிருகக்காட்சி சாலையில் 2007இல் பிறந்தது ஹராப்பான். அங்கு அதற்குத் துணை இல்லாததால் 2015 நவம்பரில் இந்தோனேசியாவுக்குக் கொண்டுவரப்பட்டது.

வழியில் மிரண்டு காயப்படாதிருக்க, பெட்டிக்குள் தானாக நடந்து செல்ல முன்கூட்டியே பழக்கப்பட்டது. பராமரிப்பாளரும் கால்நடை மருத்துவரும் உடன் வந்தனர். விமானம், லோரி, படகு என மாறி சுமத்ராவின் வே கம்பாஸ் சரணாலயத்தை அடைந்தது. 2023 நவம்பரில் ஹராப்பானுக்கு ஆண் கன்று பிறந்தது.

மலேசியாவின் கடைசி சுமத்ரா காண்டாமிருகம் இமான், 2019 நவம்பரில் சபாவில் புற்றுநோயால் இறந்தது. எண்ணிக்கை ஒன்றிரண்டாகச் சுருங்கும் முன்பே துணையிடம் சேர்த்தால்தான் இத்தகைய பயணம் பலன் தரும்.