'நெகட்டிவ்' என்ற ஒரு வரி போதாது

கோவளம், கேளம்பாக்கம், தாம்பரம் பக்கத்திலிருந்து ரத்தப் புற்றுநோய் சிகிச்சைக்காக அடையாறு புற்றுநோய் மையத்துக்கோ வேலூர் சி.எம்.சி.க்கோ கிளம்பும் குடும்பங்களின் கையில் தடிமனான ஒரு ஃபைல் இருக்கும். அதிலுள்ள ரத்தப் பரிசோதனைத் தாள்களில் 'எச்.பி.எஸ்.ஏ.ஜி – நெகட்டிவ்' என்றொரு வரி தட்டுப்படும். மஞ்சள் காமாலைக் கிருமி இல்லை என்று ஆறுதல்பட்டு அடுத்த தாளைப் புரட்டிவிடுவார்கள். ஸ்டெம் செல் மாற்று சிகிச்சைக்குப் போகிறவருக்கு அந்த வரி மட்டும் போதாது.

அந்தச் சோதனை தேடும் ஹெபடைட்டிஸ் பி வைரஸ் வந்தவர்களில் பெரியவர்கள் பலருக்குத் தானாகவே குணமாகிவிடும். வந்ததே தெரியாமல் போனவர்களும் உண்டு. ஆனால் கிருமி முழுதாக வெளியேறுவதில்லை. கல்லீரல் செல்களின் உட்கருவுக்குள் அதன் மரபணு ஒரு சிறு வளையமாகத் தங்கிவிடுகிறது. எதிர்ப்பு சக்தி காவல் இருக்கும்வரை அது தலைதூக்காது, எச்.பி.எஸ்.ஏ.ஜி. சோதனையிலும் சிக்காது. பழைய தொற்றின் தடயத்தைக் காட்டுவது 'கோர் ஆன்டிபாடி' என்ற வேறொரு சோதனை.

மாற்று சிகிச்சை அந்தக் காவலைத்தான் கலைக்கிறது. முதலில் கடுமையான கீமோ மருந்துகள் நோயாளியின் பழைய மஜ்ஜையை அழிக்கின்றன. பிறகு கொடையாளரின் செல்களிலிருந்து புதிதாக ஓர் எதிர்ப்பு சக்தி முளைக்கிறது. நோயாளியின் உடல் பல வருடம் முன்பு வென்ற கிருமியை அதற்கு அடையாளம் தெரியாது. புதிய செல்கள் நோயாளியின் உடலையே தாக்கும்போது தரப்படும் ஸ்டீராய்டு அந்த எதிர்ப்பு சக்தியை இன்னும் தளர்த்துகிறது. சிகிச்சை முடிந்து சில மாதங்களிலோ, ஓரிரு ஆண்டுகள் கழித்தோகூட வைரஸ் திரும்பி வரலாம். புற்றுநோயை வென்றவர் கல்லீரல் செயலிழந்து உயிருக்குப் போராடும் கொடுமை அப்போது நேரக்கூடும். நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் ரிட்டுக்சிமாப் என்ற மருந்திலும் இதே அபாயம் உண்டு. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-ல் அந்த மருந்துக்குக் கட்டம் கட்டிய எச்சரிக்கையே கொடுத்தது.

இத்தனைக்கும் இது தடுக்கக்கூடியது. என்டெகாவிர் அல்லது டெனோஃபோவிர், தினம் ஒரு மாத்திரை. சிகிச்சைக்கு முன்பே தொடங்கி, முடிந்த பிறகும் ஓராண்டுக்கு மேல் தொடர வேண்டியிருக்கும். 'உடம்புதான் தேறிவிட்டதே' என்று தானாக நிறுத்துவதுதான் பெரும் ஆபத்து. மருத்துவர் சொல்லி நிறுத்திய பிறகும் கல்லீரல் சோதனையையும் வைரஸ் அளவையும் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

நம் ஊரில் இன்னொரு பழக்கமும் உண்டு. கண் மஞ்சளானால் கை முதலில் கீழாநெல்லியைத்தான் தேடும். அதை அறிவியல் ஒதுக்கிவிடவில்லை: சென்னைப் பல்கலைக்கழகத்தின் எஸ்.பி. தியாகராஜன் குழு, இந்த வைரஸைக் கண்டறிந்து நோபல் பரிசு பெற்ற ப்ளம்பெர்க்குடன் சேர்ந்து கீழாநெல்லி ஆய்வை 1988-ல் 'லான்செட்' இதழில் வெளியிட்டது. நம்பிக்கை தந்த அந்த முடிவைப் பிறகு வேறு இடங்களில் நடந்த ஆய்வுகள் உறுதிசெய்யவில்லை. மாற்று சிகிச்சை பெற்றவர் கீழாநெல்லியை நம்பி ஒரு வாரம் வீட்டில் இருப்பதுகூட உயிரோடு விளையாடுவதுதான்.

2022 கணக்கில் இந்தியாவில் சுமார் 2.98 கோடிப் பேர் இந்த வைரஸோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். குழந்தைகளுக்கான தடுப்பூசி நாடு முழுக்க விரிந்தது 2011-ல்தான். ஆகவே இன்று சிகிச்சைக்கு வரும் நடுத்தர வயதினரில் பெரும்பாலோர் சிறுவயதில் அதைப் போட்டிருக்க வாய்ப்பில்லை.

வீட்டில் ஒருவருக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால், கீமோ தொடங்குமுன் மருத்துவரிடம் கேளுங்கள்: "கோர் ஆன்டிபாடி பார்த்தாச்சா?" முடிந்தால் ரத்தம் ஏற்றும் முன்பே அந்தச் சோதனையை எடுத்துவிடுங்கள். பிறகு எடுத்தால், ரத்தம் கொடுத்தவரின் ஆன்டிபாடி கலந்து முடிவு குழம்பலாம். கொடையாளருக்கும் இந்தச் சோதனை அவசியம். மாற்று சிகிச்சைக்குப் பின் பழைய தடுப்பூசியின் பலனும் கரைந்துவிடுவதால், எப்போது திரும்பப் போடுவது என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். செலவை நினைத்துத் தயங்க வேண்டாம்: 2018-ல் தொடங்கிய தேசிய வைரஸ் கல்லீரல் அழற்சிக் கட்டுப்பாட்டுத் திட்டத்தின் கீழ் அரசு சிகிச்சை மையங்களில் ஹெபடைட்டிஸ் பி சோதனையும் மருந்தும் இலவசம்.